சொன்னவருக்கே முதலில் சொல்வோம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மண்டபத்தில் நாங்கள் முதன்முதல் வரிசையில் நின்றது பரிசு வாங்குவதற்கல்ல, நிறை பார்ப்பதற்கு. பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளன்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராகத் தராசில் ஏறுவோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா முள்ளைப் பார்த்து உரத்த குரலில் இலக்கத்தைச் சொல்லுவார், ரீச்சர் கொப்பியில் எழுதுவார். அவர் எழுதி முடிக்குமுன் அந்த இலக்கம் பின்வரிசை வரைக்கும் போய்விடும். எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு உயர்தரம் முடியும் வரைக்கும் அந்த இலக்கமே பட்டப்பெயர். அவர் இப்போது இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். இலக்கத்தைச் சொல்லமாட்டோம், பயப்பட வேண்டாம்.

அந்தக் கொப்பிகள் இடம்பெயர்வுகளுக்குள் எங்கோ போய்விட்டன. மருத்துவர்களாகிய எங்களுக்கு அது பெரிய கவலை. போர்க்காலத்தில், பொருட்கள் தட்டுப்பாடாக இருந்த ஆண்டுகளில் வளர்ந்த பெண்பிள்ளைகளின் நிறையும் உயரமும் அவற்றில் இருந்தன. இன்று அதே பிள்ளைகள் நாற்பது, ஐம்பது வயதில் சீனி வருத்தத்தோடு கிளினிக்குக்கு வருகிறார்கள். அன்றைய நிறைக்கும் இன்றைய வருத்தத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்க எம்மிடம் ஏடு இல்லை.

ஏடு இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ஹேர்ட்போர்ட்ஷயர் ஓர் உதாரணம். 1911 முதல் அங்கே குழந்தைகளின் பிறப்பு நிறையையும் ஒரு வயது நிறையையும் மருத்துவிச்சிகளும் தாதியரும் பேரேடுகளில் எழுதி வந்தனர். அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் எத்தல் மார்கரெட் பேர்ன்சைட் என்ற பெண்மணி. பல பத்தாண்டுகளின் பின் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரின் குழு அந்தப் பேரேடுகளை எடுத்து, 1911க்கும் 1930க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் கதையைத் தொடர்ந்து பார்த்தது. குழந்தைப் பருவத்தில் நிறை குறைந்திருந்தவர்களே இதயநோயால் அதிகம் இறந்திருந்தனர். 1989இல் இது வெளிவந்தபோது மருத்துவ உலகம் கர்ப்பிணிகளின் சாப்பாட்டை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது. பேரேட்டில் எழுதிய தாதியருக்கு இப்படியொரு நாள் வரும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆகவேதான், நூற்றாண்டை முன்னிட்டு வெளிநாட்டுக் கிளைகளிலுள்ள சகோதரிகள் ஒரு யோசனை சொன்னபோது நாங்கள் துள்ளிக் குதித்தோம். ஒரே பாடசாலையில் படித்து, ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்கள் இன்று வவுனியாவிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறோம். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், மார்பகப் புற்றுநோய் ஆகியன யாருக்கு, எந்த வயதில் வருகின்றன என்பதை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பதிந்தால் எவ்வளவு பெறுமதியான ஆய்வாக இருக்கும்! சங்கத்தைச் சேர்ந்த ஏழெட்டு மருத்துவர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் கூகுள் படிவம் ஒன்றைத் தயாரித்து வட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டோம்.

இன்று இங்கே பேச வந்ததே அந்தப் படிவம் பற்றித்தான்.

அதில் பெயர் கேட்டோம், படித்த ஆண்டு கேட்டோம், நோய் கேட்டோம், குடிக்கும் மருந்து கேட்டோம். விடைகள் விழும் அட்டவணையை இணைப்பு வைத்திருக்கும் எவரும் திறந்து பார்க்கலாம் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. மூன்று நாட்களில் இருநூறு பேர்வரை நிரப்பியிருந்தார்கள். நான்காம் நாள் ஒரு சகோதரி தொலைபேசியில் அழுதார். அவர் எழுதிய ஒரு மருந்தின் பெயரை யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, அது அவருடைய மகளின் கலியாணப் பேச்சு வரைக்கும் போய்விட்டது. என்ன மருந்து, எந்த நாடு என்பவை எங்களோடு இருக்கட்டும். இதை இந்த மேடையில் சொல்வதற்கு அவரிடம் அனுமதி கேட்டோம். "ஆள் தெரியாம சொல்லுங்கோ, மற்றவைக்கு நடக்கக் கூடாது" என்றார்.

பிழை எங்களுடையது. கைத்தொலைபேசியின் மீதோ கூகுளின் மீதோ அதைப் போட முடியாது. நிறையை உரத்துச் சொன்ன அந்த ஐயாவையாவது மன்னிக்கலாம், அவருக்கு வரிசையில் இருநூறு பிள்ளைகள். நாங்கள் படித்தவர்கள்.

அட்டவணையை அன்றே அழித்தோம். எங்களில் சிலர், "இனி இந்த வேலையே வேண்டாம், எவருடைய விபரமும் எவருக்கும் வேண்டாம்" என்றார்கள். அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்கிறோம். உங்கள் இடது மேற்கையைத் தொட்டுப் பாருங்கள். ஒரு தழும்பு இருக்கும். பிறந்தவுடன் போட்ட பீ.சீ.ஜி. ஊசியின் தழும்பு அது.

காசநோய்க்கான அந்த ஊசி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க உலகில் நடந்த மிகப் பெரிய ஆய்வு கடலுக்கு அந்தப் பக்கம், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968இல் தொடங்கியது. 366,625 பேரைப் பதிந்து, 281,161 பேருக்கு பீ.சீ.ஜி. ஊசியோ அல்லது அதைப் போலத் தோற்றமளிக்கும் வெறும் ஊசியோ போட்டார்கள். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சனத்தையும் மீண்டும் தேடிப் போய் நெஞ்சுப் படம் எடுத்தார்கள், சளி சோதித்தார்கள். இப்படியே பதினைந்து ஆண்டுகள். கிராமம் கிராமமாகப் போனவர்கள் பேசியதும் தமிழ், கையை நீட்டியவர்கள் பேசியதும் தமிழ்.

ஏழரை ஆண்டுகளின் கணக்கு 1979இல் வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. பிரித்தானியாவில் 1950இல் பாடசாலைப் பிள்ளைகளிடம் தொடங்கிய ஆய்வில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பாதுகாப்புக் கண்டிருந்தார்கள். இங்கே ஒன்றும் இல்லை. கோடிக்கணக்கானோருக்குப் போட்டுக்கொண்டிருந்த ஊசி பற்றி இப்படி ஒரு முடிவை அச்சில் போடுவதற்கு மனத்திடம் வேண்டும். பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கலாம், "இன்னும் ஆராய்கிறோம்" என்று காலத்தைக் கடத்தியிருக்கலாம். போட்டார்கள். பதினைந்து ஆண்டுக் கணக்கையும் 1999இல் போட்டார்கள். அதிலும் பிள்ளைகளில் சிறிதளவு பாதுகாப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

போட்டதால் என்ன நடந்தது? 1994இல் பழைய ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், நிலநடுக்கோட்டிலிருந்து தூரம் போகப் போக ஊசியின் பலன் கூடுகிறது என்று கண்டார்கள். வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் உள்ள காசநோயின் சகோதரக் கிருமிகள் எம்மை ஏற்கெனவே பழக்கிவிடுகின்றன என்பது அதற்கு ஒரு விளக்கம். செங்கல்பட்டுக் கணக்கு மறைக்கப்பட்டிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திராது. 2022இல் இன்னொரு குழு, 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளிலிருந்து, முடிவு அட்டவணைகளை மட்டுமல்லாமல் ஒவ்வொருவரின் தரவையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, 68,552 பேரை ஒன்றாகப் பார்த்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பீ.சீ.ஜி. 37 வீதம் பாதுகாப்புத் தருகிறது என்று தெரிந்தது. இப்படி வயது வயதாகப் பிரித்துப் பார்க்க இறுதி அட்டவணை போதாது. ஆய்வாளர்கள் தங்கள் கோப்புகளை மற்றவருக்குத் திறந்துவிட வேண்டும். எங்கள் வைத்தியசாலைகளில் பிறக்கும் பிள்ளைகளுக்கு இன்றும் அந்த ஊசி போடுகிறோம், ஏன் போடுகிறோம் என்பதையும் தெரிந்தே போடுகிறோம்.

ஆகவே தரவைப் பகிரத்தான் வேண்டும். எப்படிப் பகிர்வது என்பதில்தான் வன்னிக்காரர் மற்றவர்களைவிட ஒருபடி கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

"பதிவு" என்ற சொல்லைக் கேட்டால் இந்த மண்ணில் பலருக்கு நெஞ்சு அடிக்கும். 2009இல் மெனிக் பாம் முகாம்களுக்கு இலட்சக்கணக்கான சனம் வந்தபோது எங்களில் சிலர் இளம் மருத்துவர்கள். காய்ச்சலுக்கு மருந்து எடுக்க வந்த தாய் பெயரைச் சொல்ல முதல் எங்கள் முகத்தைப் பார்ப்பார். எத்தனை பேர் எத்தனை தடவை அவர்களின் பெயரை எழுதிக்கொண்டு போயிருந்தார்கள்! எந்தப் பட்டியல் எங்கே போகிறது என்பது எழுதுகிறவருக்கே தெரியாத காலம் அது.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். போதாது. "நாற்பத்திரண்டு வயதுப் பெண், ஒரு காலை இழந்தவர், கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள்" என்று எழுதி, கிராம சேவையாளர் பிரிவையும் போட்டுவிட்டால், கொழும்பிலோ ஜெனீவாவிலோ வாசிப்பவருக்கு அது பெயரற்ற தரவு. அந்த ஊர்ச் சந்திக் கடையில் நிற்பவருக்கு அது இன்னாரின் மனைவி. எங்கள் சங்கத்திலும் அப்படித்தான். "சாதாரண தரம் இந்த ஆண்டு, இப்போது நோர்வே" என்றால் ஆள் ஒருவர்தான்.

அடுத்தது எங்களை அதிகம் உறுத்தும் விடயம். எங்கள் மாவட்டத்தின் தெற்கிலும் செட்டிகுளம் பக்கத்திலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கை அரசும் சேர்ந்து அநுராதபுரம், பொலனறுவை, பதுளை மாவட்டங்களில் செய்த ஆய்வின் முடிவு 2013இல் எவரும் இலவசமாக வாசிக்கக்கூடிய சஞ்சிகையில் வெளிவந்தது. பதினைந்து முதல் எழுபது வயதுக்கு இடைப்பட்டோரில் ஏறத்தாழ 15 வீதமானோருக்கு அந்த நோய் இருந்தது. ஆண்களின் நோய் என்று பலர் நினைத்திருக்க, பெண்களில் 16.9 வீதமும் ஆண்களில் 12.9 வீதமும் என்று வந்தது. முற்றிய நிலை மட்டும் ஆண்களிடம் அதிகம். நல்ல வேலை, நன்றாகத் திறந்து வைத்த வேலை, ஆனால் ஆங்கிலத்தில்.

அந்த ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு பெரியவர் எங்கள் கிளினிக்கில் ஒருநாள் சொன்னார்: "ரத்தம் எடுத்தவை, சலம் எடுத்தவை, கிணத்துத் தண்ணியும் போத்தில்ல கொண்டு போனவை. மூண்டு தரம் வெவ்வேற ஆக்கள் வந்தவை. என்ன கண்டவை எண்டு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லேல்லை, டொக்டர் பிள்ளை. அந்தத் தண்ணியைத்தான் இப்பவும் குடிக்கிறம்." யார் வந்தார்கள் என்று தேடிப் பார்த்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை. எங்காவது ஒரு பட்டத்துக்கு அந்தப் போத்தல் உதவியிருக்கும். நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் எழுத முடிந்தது. இன்று ஒரு கிணற்றின் முடிவைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுத எங்களுக்கு நேரமில்லை.

ஒரு காரியத்துக்கென்று வாங்கியதை இன்னொரு காரியத்துக்கு எடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் ஹவசுப்பாய் என்ற பழங்குடி மக்கள் நீரிழிவு பற்றி அறிய 1990 முதல் குருதி கொடுத்தார்கள். பின்னர் அதே குருதியில் மனநோய் பற்றியும் அவர்கள் எங்கிருந்து குடிபெயர்ந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராய்ந்திருந்தது தெரியவந்தது. வழக்குப் போட்டார்கள். 2010இல் பல்கலைக்கழகம் இழப்பீடு கொடுத்து, மிஞ்சிய குருதி மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. ஆனால் அழுத சகோதரிக்கு நாங்கள் சட்டத்துக்காகப் பதில் சொல்லவில்லை.

இனிப் புதிய ஏற்பாட்டுக்கு வருகிறோம். அந்தச் சகோதரியும் இதைத் தயாரித்த குழுவில் இருந்தார். பெயருக்குப் பதில் இலக்கம் இருக்கும். எந்த இலக்கம் யார் என்ற ஏடு இருவரிடம் மட்டும் இருக்கும், அந்த இருவரும் எமது பாடசாலையில் படித்தவர்களாக இருக்கமாட்டார்கள். ஒரு தொகுதியில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணிக்கையை வெளியே காட்டமாட்டோம், பக்கத்து ஆண்டுகளோடு சேர்த்துவிடுவோம். பல்கலைக்கழக ஆய்வு ஒழுக்கநெறிக் குழு ஒன்றின் அனுமதி கிடைக்குமுன் ஒரு விடைகூட வாங்கமாட்டோம். வேறு ஆய்வாளர்கள் தரவைக் கேட்டால், எதற்கு என்று எழுதித் தர வேண்டும். அதைச் சங்கத்தின் ஒரு சிறு குழு பார்க்கும், அதில் மருத்துவர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. விலகிக்கொள்ள விரும்புபவர் காரணம் சொல்லத் தேவையில்லை. நாம் எதிர்பார்த்ததற்கு மாறாக முடிவு வந்தாலும், ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் வெளியிடுவோம். எந்தச் சஞ்சிகைக்கு அனுப்பும் முன்னும் இதே மண்டபத்தில் தமிழில் வாசிப்போம், வெளிநாட்டிலுள்ளோருக்குத் திரையில்.

இதில் இன்னும் எங்களுக்குள் தீராத வாக்குவாதம் ஒன்று உண்டு. இறந்துபோனவர்களின் விடைகளை என்ன செய்வது? பிள்ளைகளைக் கேட்பதா, அல்லது அவர் உயிரோடிருக்கும்போது சொன்ன சொல்லே போதுமா? இருபது ஆண்டு ஆய்வில் இது கட்டாயம் வரும். உங்கள் அபிப்பிராயம் எங்களுக்கு வேண்டும்.

படிவத்தை இன்று இங்கே கொண்டுவரவில்லை. விழா மகிழ்ச்சியில், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கையொப்பமிடும் காரியம் இதுவல்ல. சம்மதப் பத்திரத்தின் மாதிரி மட்டும் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது, தமிழில் இரண்டு பக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசியுங்கள். விளங்காத வரியின் கீழ்க் கோடு போட்டு, பெயர் எழுதாமல், சங்கத்தின் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். அந்த வரிகளைத் திருத்தி எழுதிய பின்னரே பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்போம்.