நமக்கென ஒரு நிலையான பக்கம்
(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

 

நமது சங்கத்தின் சார்பில் ஒரு வலைப்பூ தொடங்குவதென்றும், அதனை நம் இளைஞர்களே பொறுப்பேற்று நடத்துவதென்றும் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அதற்குரிய கருவி எது, அதனை அமைக்கும் முறை யாது என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் வரலாறு பயின்றவன்; கணிப்பொறிப் பட்டம் பெற்றவன் அல்லன். ஆயினும் பொறுமையும் ஒழுங்கும் உடைய எவரும் இப்பணியைக் கற்றுக்கொள்ளலாம் என்பதை என் அனுபவத்தில் அறிந்திருக்கிறேன். அந்த உரிமையோடுதான் உங்கள்முன் நிற்கிறேன்.

இணையதளங்களைப் பொதுவாக இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, வாசகர் கேட்கும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைத் திறந்து, வேண்டியதை எடுத்து, அப்போதைக்கப்போது பக்கத்தைத் தயாரித்து அளிப்பது. பள்ளி அலுவலகத்தில் ஒருவர் சான்றிதழ் கேட்டால், எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து எழுதித் தருவது போன்றது இது. மற்றொன்று, எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்துவிடுவது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை வருவோர் போவோர் எல்லாரும் படித்துச் செல்வது போன்றது அது. இந்த இரண்டாம் வகைக்கு நிலைப்பக்கத் தளம் என்று பெயர். அத்தகைய பக்கங்களை ஆக்கித் தரும் மென்பொருளே நிலைப்பக்க ஆக்கி, அதாவது ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் எனப்படுவது.

நமக்கு ஏன் இந்த இரண்டாம் வகை? எழுத்தரும் பதிவேடும் இல்லாத இடத்தில் அவற்றைக் காக்கும் செலவும் இல்லை. தரவுத்தளம் இல்லாததால் அதன் வழியாக நிகழும் திருட்டும் இல்லை. பக்கம் சிறியதாக இருப்பதால், கிராமத்தில் பலவீனமான சமிக்ஞையில் கைப்பேசி வைத்திருக்கும் மாணவிக்கும் அது விரைவில் திறக்கும்.

இவை அனைத்தையும் விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தன் சொல்லைத் தானே அச்சிட்டுக்கொள்ள வேண்டும் என்ற உணர்வு நம் முன்னோர்க்குப் புதியதன்று. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1920-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ வெளிவந்தது; அதற்குக் கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் உதவினார். அன்று அது பெருந்தொகை. இன்று எழுதுவதற்கு அத்தகைய தொகை வேண்டியதில்லை. ஆனால் எழுதியதைக் காப்பாற்றுவது வேறு. ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தில் எண்ணற்றோர் தம் பக்கங்களை அமைத்திருந்தனர். 2009-இல் அதன் முதன்மைச் சேவை மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. யாகூ குழுக்கள் 2020-இல் முடிவுற்றன. பிறர் வீட்டுத் திண்ணையில் கடை விரித்தவர், வீட்டுக்காரர் கதவைச் சாத்தும்போது மூட்டையைக் கட்டத்தான் வேண்டும். நிலைப்பக்க ஆக்கியில் நம் கட்டுரைகள் அனைத்தும் சாதாரண எழுத்துக் கோப்புகளாக நம் கையிலேயே இருக்கின்றன. ஓர் இடம் மூடப்பட்டால் மற்றோர் இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். இருபத்தைந்து ஆண்டுகளின் ஆவணங்களைக் கையில் வைத்திருக்கும் சங்கத்திற்கு இதனினும் பெரிய நன்மை வேறென்ன வேண்டும்?

இவ்வகைக் கருவிகள் பல. ஜெக்கில் என்பதை 2008-இல் டாம் பிரெஸ்டன் வெர்னர் ரூபி மொழியில் உருவாக்கினார். ஹியூகோ என்பதை ஸ்டீவ் பிரான்சியா கோ மொழியில் எழுதி 2013-இல் வெளியிட்டார். இரண்டுமே இலவசம். நமக்கு ஹியூகோவையே நான் பரிந்துரைக்கிறேன். அது ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. ரூபி போன்ற துணைகளைத் தனியே நிறுவ வேண்டியதில்லை. பழைய கணிப்பொறியிலும் விரைவாக இயங்குகிறது.

புதிய தளம் தொடங்கும் கட்டளையை இட்டதும் ஹியூகோ சில கோப்புறைகளை அமைத்துத் தரும். அவற்றுள் மூன்றை நீங்கள் மறவாதிருந்தால் போதும். கட்டுரைகள் ‘கன்டென்ட்’ கோப்புறையில், படங்களும் பி.டி.எஃப். கோப்புகளும் ‘ஸ்டாட்டிக்’ கோப்புறையில். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் ‘தீம்ஸ்’ கோப்புறையில். இவற்றுக்கெல்லாம் வெளியே ‘ஹியூகோ டாட் டாமல்’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதுவே அமைப்புக் கோப்பு. பள்ளிக்குக் கால அட்டவணை எப்படியோ, தளத்திற்கு இக்கோப்பு அப்படி. அதில் ஐந்து செய்திகளைக் கவனமாக அமைக்க வேண்டும்.

முதலாவது, அடிப்படை முகவரி. தளம் எந்த முகவரியில் வெளியாகப் போகிறதோ அதனை எழுத்துப் பிசகாமல், பாதுகாப்பைக் குறிக்கும் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்ற முன்னொட்டுடன் எழுத வேண்டும். தளம் ஒரு முகவரியின் உட்பிரிவில் இருந்தால் அவ்வுட்பிரிவின் பெயரையும் சேர்க்க வேண்டும். இதில் பிழை நேர்ந்தால், வீட்டுக் கணிப்பொறியில் அழகாகத் தோன்றிய பக்கம், வெளியிட்டதும் அலங்காரம் எல்லாம் இழந்து வெறும் எழுத்துகளாக நிற்கும். புதியவர்கள் பெரிதும் திகைப்பது இவ்விடத்தில்தான்.

இரண்டாவது, மொழி. தொடக்கத்தில் அது ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டிருக்கும். அதனைத் தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறியீடாக மாற்றுங்கள். இது வெறும் மொழிப்பற்றுக்காகச் சொல்வதன்று. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள், பக்கத்தில் உள்ள மொழிக் குறிப்பைக் கொண்டே எந்த மொழியின் குரலில் படிப்பது என்று அறிகிறது.

மூன்றாவது, தீம். தீமைக் கோப்புறையில் வைத்தால் மட்டும் போதாது. அதன் பெயரையும் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். தோற்றத்தில் மாற்றம் வேண்டுமாயின், தீமின் கோப்பில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். அக்கோப்பின் படியை நம்முடைய ‘லேஅவுட்ஸ்’ கோப்புறையில் அதே வரிசையில் வைத்துத் திருத்துங்கள். ஹியூகோ நம் படிக்கே முதலிடம் தரும். நாளை தீமின் புதிய பதிப்பு வரும்போது நம் திருத்தம் அழியாமலும் இருக்கும்.

நான்காவது, நேர மண்டலம். ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பகுதியிலும் தலைப்பு, தேதி, வரைவா அன்றா என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதுகிறோம். வரைவு என்று குறித்ததையும், எதிர்காலத் தேதி இட்டதையும் ஹியூகோ வெளியிடாது. நேர மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது நாம் எழுதும் நேரத்தை உலகப் பொது நேரமாகக் கொள்ளும். நம் நேரமோ அதற்கு ஐந்தரை மணி முற்பட்டது. காலை 6 மணி என்று எழுதிய கட்டுரை நம் கடிகாரத்தில் பகல் 11.30 வரை எதிர்காலமாகவே கருதப்படும். 7 மணிக்குத் தளத்தை ஆக்கினால் அக்கட்டுரை இராது. ‘ஏசியா – கொல்கத்தா’ என்னும் நேர மண்டலத்தை ஒரே ஒரு வரியில் குறித்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

ஐந்தாவது, கட்டுரைகளின் முகவரி அமைப்பு. தமிழ்த் தலைப்பே முகவரியாக அமைந்தால் பார்ப்பதற்கு இனிமைதான். ஆனால் அதனைப் பிறர்க்கு அனுப்பும்போது ஒவ்வொரு குறியும் சதவீத அடையாளம் கொண்ட ஒன்பது எழுத்துகளாக விரிவடைந்துவிடக் கூடும். ‘கல்வி’ என்ற சிறு சொல்லில் கணிப்பொறிக் கணக்கின்படி ஐந்து குறிகள் உள்ளன. அவை நாற்பத்தைந்து எழுத்துகளாகும். ஆகவே ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பகுதியிலும் ரோமன் எழுத்தில் ஒரு சிறு முகவரிப் பெயரைக் கொடுத்துவிடுவது நல்லது. ஒருமுறை கொடுத்ததைப் பின்னர் மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமெனில், பழைய முகவரியை ‘ஏலியாசஸ்’ என்ற வரியில் குறித்துவிடுங்கள். பழைய முகவரிக்கு வருவோர் புதியதற்குத் திருப்பி விடப்படுவர்.

பழைய அறிக்கைகளை ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2000-ஆம் ஆண்டையொட்டிப் பலவகை எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழை அப்படியே ஒட்டினால் பொருளற்ற குறிகளே தோன்றும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். படங்களையும் சுருக்க வேண்டும். கிட்ஹப் நிறுவனத்தின் இலவசப் பக்கச் சேவையில் ஒரு தளத்திற்கு 1 ஜி.பி. எல்லை உண்டு. கைப்பேசிப் படம் ஒன்று 4 எம்.பி. எனின், 250 படங்களில் அந்த எல்லை நிரம்பிவிடும். 200 கே.பி.யாகச் சுருக்கினால் அதே இடத்தில் 5,000 படங்கள் அடங்கும்.

இனி நான் சொல்லப்போவது, இவ்வுரையில் நீங்கள் எதனை மறந்தாலும் மறக்கக் கூடாத ஒன்று. கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் பக்கச் சேவை வேண்டுமாயின் நம் மூலக் கோப்புகள் பொதுப்பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். தளத்தில் தோன்றாத வரைவும் அங்கே எவர் கண்ணுக்கும் தெரியும். அழித்த கோப்பும் திருத்த வரலாற்றில் நிலைத்திருக்கும். மேலும், ஹியூகோ பக்கங்களை ஆக்கி வைக்கும் ‘பப்ளிக்’ கோப்புறையைத் தானாகக் காலி செய்வதில்லை. நாம் நீக்கிய கட்டுரையின் பழைய பக்கம் அதிலேயே தங்கி, மறுபடியும் வெளியே போய்விடலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் அக்கோப்புறையை நீக்கிவிட்டுப் புதிதாக ஆக்குங்கள்.

இதனை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நமது சங்கத்தின் பதிவேடுகளில் உதவித்தொகை பெறும் பிள்ளைகளின் பெயர், சாதிச் சான்றிதழ் எண், வருமானம், வங்கிக் கணக்கு, தொலைபேசி எண் ஆகியவை இருக்கின்றன. நம் பிள்ளைகள் நாளை வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அலையும்போது அவ்விவரங்கள் யார் கையில் எதற்குப் பயன்படும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தம் பிறப்பை வெளியிடுவதும் வெளியிடாததும் அவரவர் உரிமை. நமது கவனக்குறைவால் அந்த உரிமை பறிபோகலாகாது. அப்பதிவேடுகள் வலைப்பூவின் கோப்புறைக்குள் ‘சற்று நேரத்திற்கு’ என்று கூட நுழையக் கூடாது. மாணவர் படமோ பெயரோ வெளியிடும் முன் பெற்றோரின் எழுத்துமூலமான ஒப்புதலைப் பெறுங்கள்.

இறுதியாக, பொறுப்புப் பங்கீடு. எழுதுபவர் ஒருவர், மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர், வெளியிடுபவர் ஒருவர் என மூவர் வேண்டும். வெளியிடும் முன் நம் கணிப்பொறியிலேயே முன்னோட்டம் பார்க்க ஹியூகோவில் வசதி உண்டு. அதில் பார்க்காமல் எதையும் ஏற்றலாகாது. முகவரிப் பெயரை விலைக்கு வாங்கினால் அது சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். புதுப்பிக்கும் நாள் செயலாளரின் நாட்குறிப்பில் இருக்கட்டும். தனிநபர் பெயரில் வாங்கிய முகவரி, அவர் ஊர் மாறும்போது உடன் போய்விடும். மாதம் ஒருமுறை முழுக் கோப்புறையையும் பென்டிரைவில் படியெடுத்துச் சங்கத்தின் பீரோவில் பூட்டி வையுங்கள். ஒருகால் ஹியூகோவே இல்லாமற் போனாலும், அந்த எழுத்துக் கோப்புகளை எந்தக் கணிப்பொறியிலும் திறந்து படிக்கலாம்.

இளைஞர்களே! அமைப்புக் கோப்பை எழுதி முடிக்க ஒரு பிற்பகல் போதும். அதன்பின் வாரந்தோறும் ஒரு கட்டுரை என்று ஓராண்டு நடத்திப் பாருங்கள். ஐம்பத்திரண்டு கட்டுரைகள் சேர்ந்துவிடும். முதற் கட்டுரையாக, சங்கத்தின் முதல் இரவுப் பள்ளியில் படித்தவர்களின் நினைவுகளை அவர்தம் வாயாலேயே கேட்டு எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களிற் பலர் முதுமையடைந்துவிட்டனர். இப்பணி தாமதத்தைத் தாங்காது.