இயந்திரம் வந்தால் போதுமா?

(கொடைக்கானல் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



இந்தியாவும் ரஷ்யாவும் கைகோத்தால் கூலிக்காரனுக்கு என்ன லாபம் என்று கேட்கிறீர்கள். நெய்வேலியைப் பாருங்கள். சோவியத் உதவியோடு எழுந்த அனல் மின் நிலையம் 1962இல் மின்சாரம் தந்தது. 600 மெகாவாட்டாக வளர்ந்தது. ஆலை அரசுக்குச் சொந்தமாக இருந்தது. தொழிலைக் கற்றவன் நம் தொழிலாளி.

இந்தக் கொடைக்கானலையும் பாருங்கள். 1980களில் அமெரிக்காவிலிருந்து வெப்பமானி ஆலை வந்தது. கூடவே பாதரசமும் வந்தது. 2001இல் ஆலை மூடியது. 591 முன்னாள் தொழிலாளர் போராடி 2016இல்தான் உடன்பாடு கண்டனர்.

1988இல் சோவியத்துடன் ஒப்பந்தமான கூடங்குளம் அணு உலை 2013இல் மின்சாரம் தந்தது. நட்பு நாட்டு இயந்திரந்தான். ஆயினும், ஆபத்து வந்தால் என்ன வழி என்று இடிந்தகரை மீனவர்கள் கேட்டது நியாயமே.

எந்த ஒப்பந்தமானாலும் மூன்று கேளுங்கள்: சொந்தம் யாருக்கு? வித்தை யாருக்கு? ஆபத்து யார் தலையில்?