மாம்பழ ஏற்றுமதித் தடைகளும் அரசு மானியமும்



சித்தூர், திருப்பதி வட்டாரத்து மாம்பழம் இரு வடிவங்களில் கடல் கடக்கிறது. பங்கனப்பள்ளி பழமாகவே அனுப்பப்படுகிறது. கிளிமூக்கு என வழங்கும் தோதாபுரி ஆலைகளில் கூழாக்கப்பட்டுச் செல்கிறது. விளைச்சலில் பெரும்பங்கு தோதாபுரியே. பழத்துக்கும் கூழுக்கும் அயல்நாடுகளில் ஏற்படும் தடைகள் வெவ்வேறானவை. மானியம் வகுக்கப்படும்போது இவ்வேறுபாடு போதிய அளவு கருதப்படுவதில்லை.

பழத்துக்குத் தடையாய் நிற்பது பழ ஈ. அதன் பொருட்டு ஜப்பான் 1986இல் இந்திய மாம்பழத்தை நிறுத்தியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் மீண்டும் அனுமதித்தது. சதைப்பகுதியின் வெப்பம் 47.5 டிகிரி செல்சியசை எட்டி, இருபது நிமிடம் அந்நிலையில் இருக்குமாறு நீராவி வெப்பமூட்டப்பட வேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்கா 2007இல் கதிர்வீச்சுச் சிகிச்சையின் பேரில் இசைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே முதல் நாள் கதவை அடைத்து, 2015இல் திறந்தது.

இத்தகைய தடைகளைக் கடக்க, 1986இல் செயற்படத் தொடங்கிய வேளாண், பதப்படுத்தப்பட்ட உணவுப்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், அதாவது அபேடா, சிப்பமிடும் கூடங்களுக்கும் ஆய்வுக்கூட வசதிகளுக்கும் நிதியுதவி அளித்து வருகிறது. திருப்பதியிலும் நீராவி வெப்பச் சிகிச்சை நிலையம் ஒன்று அமைந்தது. நிலையம் அவசியமே. ஆயினும், பழத்தினுள் உள்ள முட்டையையும் புழுவையும் அது அழிக்குமேயன்றி, தோட்டத்தில் ஈ முட்டையிடுவதைத் தடுக்காது. ஈ குத்திய காய் தரம் பிரிக்கும்போதே கழிக்கப்படுகிறது. அந்த நட்டம் விவசாயியின் கணக்கில் சேர்கிறது.

தோட்டத்தில் செய்யவேண்டியது அதிகச் செலவுள்ள காரியமன்று. மெத்தில் யூஜினால் தோய்ந்த கட்டையைக் கொண்ட பொறி ஆண் ஈக்களைக் கவர்ந்து அழிக்கும். ஆனால் ஒருவர் மட்டும் பொறி கட்டினால், அண்டைத் தோட்டத்து ஈ வந்து சேரும். ஊர் முழுவதும் ஒரே காலத்தில் கட்டியாக வேண்டும். உதிர்ந்த பழங்களையும் பொறுக்கிப் புதைக்க வேண்டும். தனியொரு பயனாளிக்கு இயந்திரம் வாங்க வகுக்கப்பட்ட மானிய விதி இதற்குப் பொருந்துவதில்லை.

கூழின் நிலை வேறு. பதப்படுத்தும் வெப்பத்தில் ஈயின் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. பூச்சிமருந்து எச்சமும் சந்தையும் எஞ்சி நிற்கின்றன. 2001ஆம் ஆண்டு ஏற்றுமதிக் கொள்கையில் தோன்றிய வேளாண் ஏற்றுமதி மண்டலத் திட்டத்தில் சித்தூர் மாவட்டம் மாம்பழக் கூழுக்காகவும் சேர்க்கப்பட்டது. எனினும் 2025இல், முந்தைய பருவத்துக் கூழே விற்காமல் தேங்கியிருக்க, தோதாபுரியின் விலை சரிந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு நிர்ணயித்தது. அதில் 8 ரூபாய் ஆலைகளின் பொறுப்பு, 4 ரூபாய் அரசின் மானியம். வெளிமாநிலத் தோதாபுரி சித்தூருக்குள் வரத் தடை விதிக்கப்பட, கர்நாடகம் ஆட்சேபம் தெரிவித்தது. அந்த நான்கு ரூபாய் பல குடும்பங்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் தேங்கிய கூழில் ஒரு பீப்பாயைக்கூட அது கப்பலேற்றவில்லை.

உலக வர்த்தக அமைப்பின் 2015ஆம் ஆண்டு நைரோபித் தீர்மானப்படி, வளரும் நாடுகள் ஏற்றுமதியின் சந்தைச் செலவுக்கும் சரக்குக் கட்டணத்துக்கும் மானியம் தர இருந்த விலக்கு 2023 இறுதியோடு முடிவுற்றது. பூச்சிக் கட்டுப்பாடு, ஆய்வு, பரிசோதனை ஆகிய பொதுப்பணிகளுக்குச் செலவிட அவ்வமைப்பின் விதிகள் இடமளிக்கின்றன. அமெரிக்காவும் 2002ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தின் வழியே, தன் பழம், காய்கறி, கொட்டைப் பயிர்களின் ஏற்றுமதிக்குக் குறுக்கே நிற்கும் தாவர நலத் தடைகளை நீக்கவென்றே தனி நிதி ஒதுக்கியது. ஆராய்ச்சி, கள ஆய்வு, பயிற்சி ஆகியவற்றுக்கு அந்நிதி உதவுகிறது.

சித்தூரில் இதனை நடைமுறைப்படுத்த, காலக்கணக்கை முதலில் மாற்ற வேண்டும். நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது; அதன்பின் விண்ணப்பம் பெற்று ஒப்புதல் அளிப்பதற்குள் பங்கனப்பள்ளி அறுவடை பெரும்பாலும் முடிந்துவிடும். பொறிகள் பிப்ரவரியிலேயே விவசாயிகளின் கைக்கு வந்தாக வேண்டும். அதற்கான ஒதுக்கீடு முந்தைய ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.