பெட்டியில் வந்த பந்தயக் கார்கள்



விளையாட்டுச் சாமானைப் பற்றி வானொலியில் ஒரு பேச்சா என்று நீங்கள் நகைக்கக்கூடும். ஆயினும், ஒரு விளையாட்டுப் பொருளிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதை அறியாமையால் ஒரு சிறுவனின் மனம் வாடியதை நான் நேரிற் கண்டேன். அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

இங்கிலாந்தில் வாழும் என் தமையனார் இல்லத்தில் ஒரு குளிர்காலத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவருடைய மகளுக்கு வயது 14, மகனுக்கு 10. கூடத்துத் தரையில் கரிய பிளாஸ்டிக் தடம் ஒன்றைப் பூட்டிப் பரப்பியிருந்தார்கள். அதன்மீது சிவப்புக் கார் ஒன்று, நீலக் கார் ஒன்று. மாலைதோறும் பந்தயம், மாலைதோறும் சிவப்புக்கே வெற்றி. சிவப்பு அக்காளுடையது. நான்காம் நாள் தம்பி தன் கைவிசையைக் கீழே வைத்துவிட்டான். "எனக்கு இதெல்லாம் வராது, சித்தப்பா. நான் இனி ஆடப் போவதில்லை" என்றான்.

இவ்விளையாட்டுக்கு ஸ்லாட் கார்ப் பந்தயம் என்று பெயர். தடத்தின் நெடுகிலும் ஒரு பிளவு உண்டு. காரின் அடியிலுள்ள சிறு நாக்கு அப்பிளவில் இறங்கி வழிகாட்டும். பிளவின் இருமருங்கிலும் உலோகப் பட்டைகள். அவற்றிலிருந்து மின்சாரத்தைக் காரின் அடியிலுள்ள செம்புக் கம்பிப் பின்னல்கள் வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கும். கைவிசையை அழுத்தும் அளவுக்கேற்ப வேகம் கூடும், குறையும். இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவர், 1952-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட சுருள்வில் விசையால் ஓடும் கார்களுக்கு மின்சார மோட்டாரைப் பொருத்தி, 1957-இல் 'ஸ்கேலெக்ஸ்டிரிக்' என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார். தகர உடல் கொண்ட அக்கார்களே வீட்டுக் கூடத்துப் பந்தயத்தைப் பரவச் செய்தன.

இவ்வகைக் கார்கள் பல, மெய்யான காரில் 32-இல் ஒரு பங்கு அளவின. அத்தகைய கார் ஒன்று நொடிக்கு 3 மீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். அதனை 32-ஆல் பெருக்கி, மணிக்கு ஏறக்குறைய 346 கிலோமீட்டர் வேகம் என்று பெருமை பேசலாம். உண்மையிலோ அது மணிக்கு 11 கிலோமீட்டரே. மெல்ல மிதிக்கும் சைக்கிளின் வேகம். உருவத்தைச் சுருக்கலாம், இயற்கையின் விதியைச் சுருக்க இயலாது. வளைவில் காரைத் தடத்திற் பிடித்துவைக்க வேண்டிய விசை, வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. வேகம் நூற்றுக்குப் பத்து மிகுந்தால், விசை நூற்றுக்கு இருபத்தொன்று மிக வேண்டும். சற்றே கூடுதலாக அழுத்தியதும் கார் தூக்கியெறியப்படுவதன் காரணம் இதுவே. இக்காலக் கார்கள் பலவற்றின் அடியில் காந்தம் வைத்து, தடத்திலுள்ள இரும்புப் பட்டையை அது பற்றும்படி செய்கிறார்கள். காந்தம் துணை நிற்கும்வரை நிற்கும். பிடி விட்டால், முன்னறிவிப்பின்றிக் கார் பறந்துவிடும்.

நான் அக்குழந்தைகளிடம், "இருவரும் கார்களை மாற்றிக்கொண்டு ஓட்டுங்கள்" என்றேன். அக்காளுக்கு மனமில்லை, எனினும் இசைந்தாள். நீலக் கார் அவள் கையிலும் அதே வளைவில் வெளியே பாய்ந்தது! சிறுவனின் முகத்தில் நான்கு நாட்களுக்குப் பின் ஒளி வந்தது.

இனி முறையாகவே சோதிப்போம் என்று நான்கு பந்தயங்கள் வைத்தோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரையும் ஒவ்வொரு பாதையிலும் ஒருமுறை ஓட்டவேண்டும். பாதையையும் ஏன் மாற்றினோம்? இரு பிளவுகளுக்கும் இடைவெளி 8 சென்டிமீட்டர் என்றால், தன்னையே குறுக்கே வெட்டாத ஒரு சுற்றுத் தடத்தில், வெளிப்பாதை உட்பாதையைவிட ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளம். தடம் பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வேற்றுமை மாறாது. ஏன் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஆனால் உட்பாதையின் வளைவு இறுக்கமானது. அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆகவே எந்தப் பாதை நல்லது என்பதை ஓட்டிப் பார்த்தே அறியலாம்.

நான்கு பந்தயங்களின் முடிவில், குறை நீலக் காரிலேயே என்பது தெளிவாயிற்று. கவிழ்த்துப் பார்த்தோம். பின் டயர் ஒன்று முழு வட்டமாக இல்லை. கம்பிப் பின்னல் ஒருபுறம் மடங்கிக் கிடந்தது. பின்னலை நீவி விரித்தோம். உப்புத்தாளைத் தடத்தில் ஒட்டி, பின் சக்கரங்களை அதன்மேல் மெல்லச் சுழலவிட்டு, டயரைத் தேய்த்துச் சீராக்கினோம். உடலைப் பிணைக்கும் திருகுகளைச் சிறிது தளர்த்தினோம், அதிர்வு அடங்கியது. அரைமணி நேர வேலைதான்.

இதற்காகத் தொழிற்சாலையைப் பழித்தல் முறையாகுமா? பல்லாயிரமாக வார்த்தெடுக்கும் பொருளில் அச்சு, டயர், பற்சக்கரம் ஒவ்வொன்றும் குறித்த அளவுக்கு மயிரிழை கூடியோ குறைந்தோ அமையும். ஒரு காரில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்யும். மற்றொன்றில் ஒன்றோடொன்று கூடும். மேலும், குழந்தை கைதவறிப் போட்டாலும் உடையாமலிருக்க வேண்டும், நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையிலும் இருக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே, இரு கார்களும் ஓடும் என்று எதிர்பார்ப்பது நியாயம். சமமாக ஓடும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அச்சமத்துவம் நம் கையால் நாம் சேர்க்க வேண்டியது.

பிறகு தம்பி எல்லாப் பந்தயத்திலும் வென்றானா? இல்லை. அக்காளே மிகுதியாக வென்றாள். அவள் பயிற்சி மிகுந்தவள். ஆனால் தோல்வியில் காரின் பங்கு எவ்வளவு, தன் பங்கு எவ்வளவு என்பது இப்போது அவனுக்குத் தெரியும். தன் பங்கைக் குறைக்க நாளும் பழகினான். நான் ஊர் திரும்பும் நாளன்று, "அடுத்த முறை வரும்போது பாருங்கள், சித்தப்பா" என்றான்.

"எனக்கு வராது" என்று கருவியைக் கீழே வைக்குமுன், கருவியையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். கருவியைப் பழிக்குமுன், அதை மற்றொருவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.