பழைய காலக் கதைக்குப் புதிய இசை பொருந்துமா?

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அதைப் பேசி உங்கள் பசியைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஓயாமல் நடந்த ஒரு வாக்குவாதத்தையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குழுவில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூற்றாண்டு விழாவுக்காக இன்றைய மாணவியர் ஒரு குறும்படம் எடுக்கிறார்கள். அவர்களுடைய கொள்ளுப்பாட்டிமார் லயத்தில் வாழ்ந்த காலத்துக் கதை. அதிலிருந்து ஒரு நிமிடத்தைக் குழுவில் போட்டார்கள். பின்னணியில் கிட்டாரும் கீபோர்டும் ஒலித்தன. உடனே கனடாவில் இருக்கும் ஓர் அக்கா, "கொள்ளுப்பாட்டி காலத்து லயத்தில் கிட்டார் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். ஒரு தங்கை, "பொன்னியின் செல்வனில் மட்டும் இருக்கலாமா, அக்கா?" என்று திருப்பிக் கேட்டாள். அதன் பிறகு இலண்டன், சென்னை, கொழும்பு, ஹட்டன் என்று எல்லா ஊரிலிருந்தும் பதில்கள் பறந்தன. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. அதனால் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்ப்போம்.

முதலில் தங்கையின் கேள்வி. மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாக வந்தது. கதை நடப்பது 10ஆம் நூற்றாண்டில். ஏ.ஆர். ரஹ்மானின் இசை சோழர் காலத்துக்கு ஒட்டவில்லை என்று பலர் குறைப்பட்டார்கள். அதே படத்தின் முதல் பாகம்தான் அவருக்குப் பின்னணி இசைக்கான இந்திய தேசிய விருதையும் வாங்கிக் கொடுத்தது.

சோழர் காலத்து இசை எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியுமா? கொஞ்சம் தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் ராஜராஜன் நியமித்த செய்தி இருக்கிறது. ஆடற்பெண்கள் 400 பேருக்கு வீடு கொடுத்ததும் இருக்கிறது. பாடியவர்களின் எண்ணிக்கை கல்லில் இருக்கிறது. அவர்களுடைய குரல் கல்லில் இல்லை. ஓதுவார்கள் வழியாக வந்த பண்களைக் கேட்டு நாம் ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. "பழைய இசை" என்றதும் நம் மனதில் ஓடுவது வயலினும் மிருதங்கமும் சேர்ந்த கச்சேரி இசை. அந்த வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் போன்றவர்கள் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தது சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்புதான். கோப்பித் தோட்டங்களுக்காக நம் முன்னோர் இந்த மலைக்கு வரத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம். ஆகவே ராஜராஜன் படத்தில் வயலின் கேட்டால் பொருத்தம், கிட்டார் கேட்டால் பிழை என்று சொல்ல முடியாது. இரண்டும் அவன் கேட்டறியாத வாத்தியங்களே.

நம் சினிமாவும் இதை ஆரம்பத்திலிருந்தே செய்து வந்திருக்கிறது. ஜெமினியின் 'சந்திரலேகா' 1948இல் வந்தது. ராஜா ராணிக் கதை. ஆனால் எஸ். ராஜேஸ்வரராவின் இசையில் மேற்கத்திய வாத்தியக்குழு முழங்குகிறது. 'உத்தமபுத்திரன்' 1958இல் வந்தது. அரண்மனைக் கதையில் ஹெலன் ஆடும் பாட்டுக்கு ஜி. ராமநாதன் அப்போது உலகையே ஆட்டிய ராக் அண்ட் ரோல் பாணியில் மெட்டுப் போட்டார். இலங்கை வானொலியில் அந்தக் காலப் படப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த பாட்டிமார் இன்றும் எங்கள் வாட்டில் இருக்கிறார்கள். காலைச் சாப்பாடு என்ன என்று மறந்துபோன ஒருவருக்கு, அந்தப் பாட்டு முழுதாக ஞாபகம் இருக்கும். அவரிடம் போய் "அந்த ராஜா காலத்தில் இந்தத் தாளம் கிடையாது, பாட்டி" என்று சொல்லிப் பாருங்கள்!

வெளிநாட்டிலும் இப்படித்தான். 1924 பாரிஸ் ஒலிம்பிக் ஓட்டக்காரர்களைப் பற்றிய 'சாரியட்ஸ் ஒஃப் ஃபயர்' 1981இல் வந்தது. அதற்கு வாங்கெலிஸ் மின்னணு வாத்தியத்தில் இசை அமைத்து ஒஸ்கார் விருது பெற்றார். 1924இல் அந்த ஓசையே உலகத்தில் இல்லை. ஆனாலும் கடற்கரையில் அந்த இளைஞர்கள் ஓடும்போது, அவர்களுடைய நெஞ்சுக்குள் இருந்த ஓசை அதுதான் என்று நமக்குப் படுகிறது.

அப்படியானால் எதுவும் போடலாமா? அக்கா தோற்றுவிட்டாரா? இல்லை. அவருடைய பக்கத்து நியாயம் நம் சொந்தக் கதைக்கு வரும்போதுதான் புரியும்.

பாலாவின் 'பரதேசி' 2013இல் வந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது இலங்கைக் கதை அல்ல, தென்னிந்தியத் தேயிலைத் தோட்டத்துக் கதை. ஆனால் கங்காணி வந்து ஆசை காட்டுவதும், ஊரே மூட்டை கட்டிக்கொண்டு நாள்கணக்காக நடப்பதும், வழியில் விழுந்தவரை விட்டுவிட்டுப் போவதும், கடன் கணக்குத் தீராததும் நாம் வீட்டில் கேட்டு வளர்ந்தவை. மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த நம் சனத்தையும் வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே கொண்டுபோயின. அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள்.

'பரதேசி'க்கு மூலம் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்ற நாவல். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்த வைத்தியர். தொழிலாளருக்காகச் சங்கம் அமைத்தவர். தோட்ட டிஸ்பென்சரியில் தான் கண்டதை எழுதினார். அதனால் அந்தப் புத்தகம் எனக்கு நெருக்கமானது.

படத்துக்கு இசை ஜி.வி. பிரகாஷ்குமார். ஊரை விட்டுச் சனம் நடக்கும் இடத்தில் வரும் பாட்டு இன்றைய பாட்டுத்தான். இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தில், இன்றைய வாத்தியங்களோடு செய்தது. ஆனால் அது காட்சியோடு சேர்ந்து நடக்கிறது. பின்னால், கொள்ளைநோயில் சனம் செத்துக்கொண்டிருக்கும் தோட்டத்துக்கு வைத்தியரும் அவர் மனைவியும் வருகிறார்கள். அங்கே ஓர் ஆட்டப் பாட்டு வைத்திருக்கிறார்கள். அது அப்போதே பலருடைய கண்டனத்துக்கு ஆளானது. அதில் எனக்கு உறுத்துவது தாளமோ வாத்தியமோ அல்ல. சாவு விழுந்த லயத்தில் இருக்கும் ஒரு மனுஷிக்கு அந்த நேரத்தில் எது காதில் விழும் என்று அந்தப் பாட்டு கேட்கவில்லை. அவளைத் தள்ளி நிறுத்திவிட்டு, பார்க்கிறவர்களைப் பார்த்துப் பாடுகிறது. மூல நாவலை எழுதியவரே அப்படி ஒரு தோட்டத்துக்கு வைத்தியராகப் போனவர் என்பதால் எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

இதிலிருந்து நான் எனக்காக எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. வாத்தியம் பழசா புதுசா என்று நான் பார்ப்பதில்லை. கதையில் இருக்கும் மனிதருக்கு அந்த நேரத்தில் எது புதிதாக இருந்தது, எது பழகியதாக இருந்தது என்று பார்க்கிறேன். அவருக்குப் புதிதாக இருந்த இடத்தில் புதிய இசை வரட்டும். அவருக்குப் பழகிய ஓசை இருந்த இடத்தில் அதை மாற்றாமல் அப்படியே வைக்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடுவார். தொழிலாளர் நிலையைப் பற்றி அவர் எழுதிய பாடல்கள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன. அன்று சனத்துக்குத் தெரிந்த மெட்டுகளில்தான் அவர் அரசியலை ஏற்றிப் பாடினார். மேடையில் ஒரு பெண் எழுந்து நின்று, எல்லோரும் அறிந்த மெட்டில், யாரும் சொல்லத் துணியாத விஷயத்தைப் பாடினால் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? உடம்பு சிலிர்த்திருக்கும். நாளைக்கு அவரைப் பற்றி யாராவது படம் எடுத்து, கரகரக்கும் இசைத்தட்டு ஓசையில் அந்தக் காட்சியை வைத்தால் நாம் என்ன சொல்வோம்? "ஆஹா, பழைய காலம்!" என்று இனிமையாகப் பெருமூச்சு விடுவோம். அன்று இருந்த சிலிர்ப்பு போய்விடும். அந்த இடத்தில் இன்றைய தாளம்தான் உண்மைக்குக் கிட்ட நிற்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு மறுபக்கம் தப்பு. அந்தக் காலத்தில் விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு எழுப்பியது தப்பு. மாசி மாதத்தில் காமன் பொட்டலில் ரதியையும் மன்மதனையும் ஆடவைப்பது தப்பு. மாரியம்மன் திருவிழாவிலும் தப்பு, சாவு வீட்டிலும் தப்பு. சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. தூரத்து மலையில் கொழுந்து எடுக்கும் பெண், லயத்திலிருந்து வரும் அடியைக் கேட்டே என்ன நடந்தது என்று புரிந்துகொள்வாள். இந்த ஓசையை எடுத்துவிட்டு அங்கே கீபோர்டில் சோக இசை போட்டால், அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த செய்தியே நமக்குக் கிடைக்காது. சாவு வீட்டில் ஒப்பாரிக்குப் பதிலாக வயலின் கூட்டம் அழுதாலும் அப்படித்தான்.

இங்கே நாம் இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். "பழைய கதைக்குப் பழைய வாத்தியம் வையுங்கள்" என்று சொல்கிறவர்களும் பெரும்பாலும் தப்பைக் கேட்பதில்லை. வீணையைக் கேட்கிறார்கள், மிருதங்கத்தைக் கேட்கிறார்கள். எனக்கும் வீணை பிடிக்கும். ஆனால் லயத்துக் கதையில் வீணை வாசிப்பதும் ஒரு பொய்தான். தப்பைச் சாவு மேளம் என்று ஒதுக்கியதிலும், அடிப்பவரை வாசலுக்கு வெளியே நிற்க வைத்ததிலும் சாதி இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் நிறைந்த எத்தனையோ மேடைகளில் பல காலம் தப்பு ஏறவில்லை. புதிய இசை நம் பழைய காலத்தை மறைத்துவிடும் என்று பயப்படுகிறோம். அதற்கு முன்பே, வெட்கம் அதில் பாதியை மறைத்துவிட்டது.

முன் வரிசையில் இருக்கும் தங்கைமாரே, உங்கள் படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்கள் கிட்டாரை எறிய வேண்டாம். கதையில் ஒரு சின்னப் பெண் லயத்திலிருந்து இறங்கி முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வரும் இடம் இருக்கிறது. அவளுடைய குடும்பத்தில் அதற்கு முன் யாரும் நடக்காத நடை அது. அங்கே கிட்டார் இருக்கட்டும், அழகாக இருக்கும். அவளுடைய பாட்டி செத்துப்போகும் இடத்தில் மட்டும் கீபோர்டை மூடிவையுங்கள். உங்கள் தோட்டத்தில் இன்னும் தப்பு அடிக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, அடிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவருக்குரிய பணத்தைக் கொடுங்கள். படம் முடியும்போது அவர் பெயரைத் திரையில் போடுங்கள். சனம் மலையேறி நடக்கும் இடத்தில் இசையே வேண்டாம். காலடியும் மூச்சும் போதும். ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது வாட்டில் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்கிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

உலகமெங்கும் இருக்கும் அக்காமாருக்கும் தோழிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்ததால்தான் இன்று நமக்குச் சொற்களாவது மிஞ்சியிருக்கின்றன. மெட்டு இன்னும் பெரியவர்களின் தொண்டையில்தான் இருக்கிறது. வைத்தியராகச் சொல்கிறேன், அதற்கு அதிக காலம் இல்லை. உங்கள் அம்மாவிடம், அம்மாச்சியிடம், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு தாலாட்டோ ஒரு கும்மியோ பாடச் சொல்லித் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த நேரத்தில் பாடுவது என்று கூடவே இரண்டு வரி எழுதுங்கள். சங்கம் அவற்றைச் சேர்த்து நம் பாடசாலை நூலகத்தில் வைக்க வேண்டும் என்று இந்த மேடையில் முன்மொழிகிறேன். அதற்கான முதல் சிறு தொகையைச் சங்கப் பொருளாளரிடம் இன்று காலையே கொடுத்துவிட்டேன்.

அந்தப் பதிவுகள் கையில் இருந்தால், நம் கதையை நாளை யார் படமாக எடுத்தாலும், எந்த வாத்தியத்தோடு எடுத்தாலும், கேட்டுப் பார்க்க ஓர் இடம் இருக்கும். கனடா அக்காவும் நம் தங்கையும் சமாதானமாகிவிடுவார்கள் என்றும் நம்புகிறேன்.