எந்தப் பச்சடி?



திருத்தணியில், மலையடிவாரத் தெரு ஒன்றில், ஒரு வீட்டு மாடியில் சமையல் வகுப்பு. அடுப்பு இரண்டு, நாங்கள் எட்டுப் பேர். முதல் நாள், சொல்லித்தரும் அக்கா, "இன்னைக்குப் பச்சடி" என்றார். அரக்கோணம் பக்கத்துப் பெண் தயிரை எடுத்தாள். நகரி பக்கத்துப் பெண் காய்ந்த மிளகாயை எடுத்தாள்.

இரண்டு பேரும் செய்தது சரிதான். தமிழில் பச்சடி என்றால் தயிரோ வெல்லமோ சேர்த்த தொடுகறி. தெலுங்கில் பச்சடி என்றால் நாக்கில் சுரீரென்று ஏறும் துவையல். அதேபோல, தெலுங்குக்காரர் "காரம் போடுங்க" என்றால் மிளகாய்த்தூளைச் சொல்கிறார். "சாரு" என்றால் ரசத்தைச் சொல்கிறார். எல்லை ஊர் என்பதால்தான் இந்தக் கலப்பு. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்நின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன் அது. ஆனாலும் எங்கள் ஊர் அடுப்படியில் இன்றைக்கும் இரண்டு மொழி கொதிக்கிறது.

சமையல் வகுப்பில் சேரப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஐட்டம் சொல்லித்தருவீங்க?" என்பதைத்தான். நானும் அப்படித்தான் கேட்டேன். ஐட்டம் வேண்டுமென்றால் புத்தகம் போதும். வெளியூரில் குடித்தனம் வைத்த உறவினர்கள், சமையல் நூலாசிரியர் மீனாட்சி அம்மாளுக்குக் கடிதம் போட்டுச் செய்முறை கேட்பார்களாம். அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததுதான் 1951-இல் வெளிவந்த அவருடைய 'சமைத்துப் பார்'. எத்தனையோ புதுக் குடித்தனங்களுக்கு அந்தப் புத்தகம் மாமியார் ஸ்தானத்தில் இருந்தது. ஆனால் எந்தப் புத்தகமும் நம் வாணலியை எட்டிப் பார்க்காதே!

என் கதையையே கேளுங்கள். புளிச்சகீரைத் துவையல், அதாவது கோங்குரா பச்சடி, வீட்டில் பல தடவை செய்திருக்கிறேன். ஒரு நாள் நன்றாக வரும், ஒரு நாள் பல் கூசும். வகுப்பில் நான் புளியைக் கையில் எடுத்ததும் அக்கா கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "தண்டைப் பாருங்கம்மா, செவப்பு. இதுலயே புளிப்பு அதிகம். பச்சைத் தண்டா இருந்தா கொஞ்சம் புளி வெக்கலாம். இதுக்கு எதுக்கு?" இத்தனை வருஷம் தண்டின் நிறத்தைப் பார்க்காமலே கீரை வாங்கியிருக்கிறேன்.

அடுத்தது ஈரம். கழுவிய இலையைத் துணியில் பரப்பி, இலை தொட்டால் கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்தினோம். தண்ணீர் தங்கினால் துவையல் சீக்கிரம் கெட்டுவிடும். மிளகாய், தனியா, கொஞ்சம் வெந்தயம் வறுத்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் எண்ணெய் விட்டுக் கீரையைப் போட்டோம். கண் எதிரே பச்சை நிறம் போய்ப் பாசி நிறம் வந்தது. ஒரு கூடைக் கீரை ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது. நான் அடுப்பை அணைக்கப் போனேன். "இன்னும் இல்ல. கரண்டியோட சேர்ந்து சுருண்டு வரட்டும்" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த இரண்டு நிமிஷம்தான் பதம். அதற்குத்தான் நான் காசு கட்டினேன் என்று அப்போது புரிந்தது.

ஆகவே, வகுப்பில் சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: கரண்டி யார் கையில் இருக்கும்? ஆசிரியர் சமைத்து நாம் எழுதிக்கொண்டு வருவதென்றால், அதை வீட்டிலிருந்தே டி.வி.யில் பார்க்கலாம். ஒரு அடுப்புக்கு நாலைந்து பேருக்கு மேல் இருந்தால் உங்கள் முறை வருவதற்குள் பொழுது போய்விடும். நோட்டில் அளவை மட்டும் எழுதாதீர்கள். எந்த வாசனை வந்ததும் தீயைக் குறைத்தோம், எந்தச் சத்தம் அடங்கியதும் இறக்கினோம் என்று எழுதுங்கள். முதல் வாரம் உப்பு கூடும், அடி பிடிக்கும். பிடிக்கட்டும். வீட்டில் அடி பிடித்தால் திட்டுதான் கிடைக்கும். வகுப்பில் ஏன் பிடித்தது என்று சொல்லுவார்கள்.

தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி தயாரிக்க 10 நாள் பயிற்சி இலவசமாகவே தருகிறார்கள். கற்றதை விற்க வேண்டுமென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வாங்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

எங்கள் வகுப்பின் கடைசி நாள். அக்கா வழக்கம்போல, "இன்னைக்குப் பச்சடி" என்றார். யாரும் தயிரையும் எடுக்கவில்லை, மிளகாயையும் எடுக்கவில்லை. எட்டுப் பேரும் ஒரே குரலில் கேட்டோம்: "எந்தப் பச்சடி அக்கா?"