இடரை எடைபோடுதல்



புயல் வந்து சென்ற பின்னர் அதனைப் பற்றிப் பேசாதார் இலர். வருமுன் அதன் கேட்டை எடைபோட்டுப் பார்ப்போர் மிகச் சிலரே. கோட்டக்குப்பத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சான்றாகக் கொண்டு, ஓர் ஊருக்கு நேரக்கூடிய இயற்கை இடரை மதிப்பிடும் முறை பற்றி இன்று சிறிது கூற விழைகின்றேன்.

2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலைக் காற்றின் புயல் எனலாம். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் அதற்கு இரையாயின. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய பெஞ்சல் புயலோ காற்றின் வலிமையில் அதனினும் எளியது. ஆயினும் விரைந்து நகராது ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றமையால், மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி அது! பின்னர்ச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கு மேல் நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையூர்கள் மூழ்கின. மழை பெய்த இடம் வேறு. மூழ்கிய இடம் வேறு. ஆகவே காற்றின் வேகம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வார் ஏமாறுவர்.

இயற்கையின் சீற்றம் மட்டும் இடர் ஆகாது. மனிதர் இல்லாத மணல்வெளியில் வீசும் புயலால் எவர்க்கு என்ன கேடு? சீற்றத்தின் வழியில் யார், எவை நிற்கின்றன என்பதும், நிற்பவர் எவ்வளவு தாங்கவல்லர் என்பதும் சேர்ந்தே இடர் ஆகின்றது. மேட்டு நிலத்து மாடி வீட்டுக்கும் ஏரிக்கரையின் கீழிருக்கும் கூரை வீட்டுக்கும் மழை ஒன்றே, இடர் ஒன்றன்று.

'நூறாண்டு வெள்ளம்' என்னும் சொல்லைப் பலரும் பிழையாகக் கொள்கின்றனர். ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறாண்டு அச்சமில்லை என்பது அதன் பொருளன்று. ஒவ்வோராண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பது ஆண்டுகள் ஒரு வீட்டில் குடியிருப்பவர் அவ்வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்று மிகுதி. கணக்கு வகுப்பில் இதனைப் போட்டுப் பாருங்கள்.

இனிக் கடற்கரை. நம் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கின்றன. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்கெனக் கடலுக்குள் கல்லணைகள் கட்டப்பட்டன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பத்தில் கடல் வீடுகளை விழுங்கிற்று. அங்கே கல் கொட்டிக் கரையைக் காத்தனர். அரிப்போ சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என வடக்கே நகர்ந்தது. ஓரூரின் காப்பு அடுத்த ஊரின் இடராயிற்று! இது புயலன்று, ஒரு நாளில் வருவதுமன்று. ஆதலால் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையை எவரும் மறவார். ஆண்டுதோறும் கரையும் கரையை நினைப்பார் குறைவு. என் கருத்தில் பின்னதற்கும் ஈடான கவலை வேண்டும்.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மாணவர்களைக் கொண்டு ஊரின் இடர்ப் படம் ஒன்று வரையச் செய்தேன். ஏரி, கலிங்கு, வாய்க்கால், கூரை வீடுகள், தனித்து வாழும் முதியோர் எல்லாம் குறித்தனர். புகலிடமாக எங்கள் பள்ளிக் கட்டடத்தை நானே பெருமையுடன் குறித்தேன், கான்கிரீட் கட்டடமன்றோ! படத்தைக் கண்ட மூதாட்டி ஒருவர் சிரித்தார். "ஐயா, ஏரி கலிங்கு போனா தண்ணி முதல்ல அங்கதானே வரும்? நான் இடுப்பளவு தண்ணியில நடந்திருக்கேனே" என்றார். மறுநாள் மாணவர் இருவருடன் சென்று, நீர் நிரப்பிய ரப்பர்க் குழாயால் மட்டம் பார்த்தோம். கலிங்கின் விளிம்பைவிடப் பள்ளியின் தரை முழங்கையளவு தாழ்ந்திருந்தது. பென்சிற்குறியை அழித்துவிட்டு, மேட்டுத்தெருவிலிருந்த பழைய நெற்கிடங்கைக் குறித்தோம்.